பார்லோ ஓட்டல் கிட்டங்கி

அந்தக் கட்டடத்துக்குள் கஞ்சி கொதிக்கிற வாசம் வந்தது. அங்கே அடுப்பெரிந்து எத்தனையோ காலமாயிற்று. சமையற்கட்டின் கூரை போன மழையில் சரிந்து உள்ளேயே கிடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வருகிறதென்று ஷெரின் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் சன்னலைத் திறந்தால் வாசம் குறைந்தது; சாத்தினால் கூடியது.

ஷெரின் மதுரையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள். சோழவந்தானுக்கு ரயில் வந்த புதிதில் பார்லோ துரை என்கிற வெள்ளைக்காரன் கட்டிய ஓட்டல் அது. இப்போது அதற்குச் சொந்தக்காரரான உக்கிரபாண்டி அதைக் கல்யாண மண்டபமாக்கப் போகிறார். வாசலில் பதிக்கும் கல்லுக்கு ஓட்டலின் வரலாற்றை எழுதித்தரச் சொல்லி அவளைக் காரில் கூட்டிவந்திருந்தார்.

துரை வைத்த விருந்துகளைப் பற்றி உக்கிரபாண்டியே சொன்னார். மீதியைச் சொன்னது எதிர்வீட்டு முத்துத்தாய். தாது வருஷப் பஞ்சத்தில் சோற்று வாசம் பிடித்துச் சனம் ஓட்டல் வாசலில் வந்து விழுந்ததாம். யாரோ பெரிய அதிகாரி விருந்துக்கு வருகிற நேரம். அவர் கண்ணில் படக்கூடாதென்று, பின்கட்டில் கஞ்சி ஊற்றுகிறோம் என்று ஆசைகாட்டி அத்தனை பேரையும் சரக்குக் கிட்டங்கிக்குள் விட்டு வெளியே பூட்டினார்களாம். விருந்து முடிந்தும் திறக்கவில்லை. உள்ளே சத்தம் ஓய்ந்த பிறகுதான் திறந்தார்களாம்.

குடிக்கத் தண்ணீர் கேட்டாள் ஷெரின். "அங்க போயிட்டு வாறவுகளுக்கு நாங்க எதுவும் குடுக்கிறதில்ல" என்று முத்துத்தாய் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உக்கிரபாண்டியிடம் பஞ்சத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் இறுகிவிட்டது. "கல்யாணம் நடக்கப்போற எடம், டீச்சர். செத்தவுகள எழுதுனா எவன் வந்து பந்தியில ஒக்காருவான்?" குரல் தணிந்துதான் இருந்தது. பார்வை தணியவில்லை.

அவர் காரை எடுக்கப் போனார். வேலை முடிந்தால் போதுமென்றிருந்தது அவளுக்கு. மடிக்கணினியில் பஞ்சத்தைப் பற்றி எழுதியிருந்த பத்தியை மட்டும் அழித்தாள்.

பின்கட்டில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

வேலையாள் யாரோ கஞ்சி காய்ச்சுகிறான், அவ்வளவுதான், ஒரு தடவை பார்த்துவிட்டால் இந்தப் படபடப்பு அடங்கிவிடும் என்று எண்ணியபடி, மழை கட்டி இருட்டிய அந்தச் சாயங்காலத்தில், பாசியும் வவ்வால் எச்சமும் நாறிய நடையைத் தாண்டி, கிட்டங்கியின் திறந்த கதவுக்குள் அவள் எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. அடுப்பில்லை. வாசம் மட்டும் நெஞ்சை அடைத்தது. சுவரெங்கும் நகக்கீறல்கள். இடுப்புயரத்துக்குக் கீழே.

இன்னும் ஓரடி உள்ளே வைத்தாள்.

கதவு மூடியது.

தரையில் எதுவோ இழுபடும் சத்தம். ஒன்றல்ல. நிறைய. முழங்காலருகே ஒரு மூச்சு. சூடில்லாத மூச்சு. ஒரு கை அவள் பாதத்தைத் தடவியது. விரல்களில் சதையில்லை.

"தாயி," என்றது ஒரு குரல், மிகவும் மரியாதையாக. "ஊத்துவாகளா?"

சுவரில் காற்றுக்காக விட்ட துவாரம். அதைப் பற்றிக்கொண்டு வெளியே பார்த்தாள். முற்றத்தில் கார். உக்கிரபாண்டி. அவருக்குப் பக்கத்தில், அவளுடைய சேலையில், அவளுடைய பையோடு, ஷெரின்.

"அண்ணே" என்று கத்தினாள். தொண்டையிலிருந்து உலர்ந்த காற்றுதான் வந்தது. துவாரத்தில் நீட்டிய கை எலும்பும் தோலுமாக இருந்தது. உக்கிரபாண்டி அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினார்.

வெளியே நின்றவள் பின்சீட்டிலிருந்த வாழைச்சீப்பை எடுத்தாள். தோலோடு தின்றாள். காம்பையும் தின்றாள். பிறகு போனைக் காதில் வைத்து, வீட்டில் தனியாக இருக்கும் மகளிடம் பேசினாள்.

"ஆன்சி, அம்மா வந்துக்கிட்டே இருக்கேன். நீ தூங்கிறாத."

வாயில் ஒன்றுமில்லை. தாடை மட்டும் மென்றுகொண்டே இருந்தது.