பட்டிக்குப் பின்னால் நாலு விரல்

காந்தம் ஒட்டவில்லை. நழுவிக் கீழே விழுந்தது.

அவள் குனிந்து எடுத்து, அதே இடத்தில் மறுபடியும் வைத்தாள். மறுபடியும் விழுந்தது.

"அப்பா, இங்க தகடே இல்ல. வெறும் பட்டிதான்!"

கதவுக்குப் பின்னால், லாரி கேபினின் கீழ் மூலை அது. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பச்சை வண்ணம் வழவழவென்று இருந்தது. ஆனால் காந்தத்தை ஏமாற்ற முடியாது. இரும்பு இருந்தால் ஒட்டும். ஓட்டையை மூடப் பூசுகிற பட்டியில் ஒட்டாது.

அவளுக்குப் பத்து வயது. பட்டறையில் அவள் பெயரே 'காந்தம்' என்று ஆகிவிட்டது. பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்துவிடுவாள். ராணுவம் வேண்டாமென்று ஏலம் விட்ட பழைய லாரிகள்தான் இங்கே வரும். துருப்பிடித்த தகட்டை அப்பா வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பார். பெயிண்டர் மாமா வண்ணம் அடிப்பார். பழைய ஒட்டுவேலை எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது காந்தத்தின் வேலை.

பெயிண்டர் மாமா வந்து, பட்டியின் ஓரத்தை லேசாகக் கீறிப் பார்த்தார்.

"துருவைச் சுரண்டக்கூட இல்ல. அப்படியே அப்பியிருக்கான். எந்தப் பட்டறைக்காரன் செஞ்ச வேலை இது? என் கையில மட்டும் கிடைச்சான்..."

"உங்க பட்டறையிலதான் செஞ்சாங்க" என்றார் லாரிக்குச் சொந்தக்காரரான தேன்காரம்மா.

மாமா தான் கீறிய இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல மறைத்தார்.

தேன்காரம்மா தேனீ வளர்ப்பவர். பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, எங்கே பூப் பூக்கிறதோ அங்கே போவார். மற்ற வண்டிகள் ஏறாத மலையெல்லாம் இந்த ராணுவ லாரி ஏறும்.

"மூணு வருஷத்துக்கு முன்னால செஞ்சது" என்றார் அவர். "பட்டி போடுற அக்கா ஒருத்தங்க இருந்தாங்களே, எப்பப் பார்த்தாலும் பாடிக்கிட்டு. அவங்களைக் காணோமே?"

அப்பா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். மறுபடியும் எடுத்தார்.

"இல்லைங்க" என்றார். "வெள்ளிக்கிழமை வண்டி ரெடியா இருக்கும்."

மாமா தேன்காரம்மாவைத் தனியே அழைத்துப் போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்த தேன்காரம்மா, காந்தத்தின் தலையில் ஒரு நிமிடம் கை வைத்திருந்தார். பிறகு போய்விட்டார்.

அன்று மாலை, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த பிறகு, காந்தம் டார்ச்சோடு லாரிக்கு அடியில் நுழைந்தாள். மூலையில் உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே ஒரு சந்து. அதற்குள் வெளிச்சம் அடித்தாள்.

துரு அரித்த ஓட்டைகள் வழியாகப் பட்டி உள்ளே பிதுங்கியிருந்தது. பிதுங்கியதை யாரோ கையை விட்டு வழித்திருந்தார்கள். நாலு விரல்கள். நாலு கோடுகள். மூன்று கோடுகள் நேராக இருந்தன. சுண்டுவிரல் கோடு மட்டும் வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

அம்மாவின் சுண்டுவிரல் அப்படித்தான். லாரிக் கதவில் ஒருமுறை நசுங்கி, கோணலாகவே நின்றுவிட்டது. "இது மட்டும் எப்பவும் கோவிச்சுக்கிட்டுத் தனியா நிக்குது பாரு" என்று அம்மா இருந்தபோது காட்டிச் சிரிப்பாள்.

காந்தம் சந்துக்குள் கையை நீட்டினாள். எட்டவில்லை. தோள் வரை நுழைத்தாள். இன்னும் ஒரு சாண் இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் வந்து பார்த்தாள். அன்றும் எட்டவில்லை. ஒரே நாளில் கை வளர்ந்துவிடுமா என்ன?

புதன்கிழமை அவள் வந்தபோது, லாரிக்கு அடியிலிருந்து அப்பாவின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அந்த மூலைக்கு நேராக. சுத்தியல் சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

அவள் ஓசைப்படாமல் வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்து, செருப்பைத் தரையில் நன்றாகத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

வியாழக்கிழமைக்குள் கதவுகள் முடிந்துவிட்டன. தரைத் தகடு முடிந்துவிட்டது. மட்கார்டும் முடிந்துவிட்டது. அந்த மூலை மட்டும் அப்படியே இருந்தது.

"அண்ணே, நாளைக்கு வண்டி போகணும்" என்றார் மாமா. "மூலையை எப்ப வெட்டப் போறீங்க?"

"மேல லேசாப் பட்டி தேச்சு, பெயிண்ட் அடிச்சிடு."

மாமா தொப்பியைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தார். "யாரு பேசுறது? அண்ணன்தானா? துருவுக்கு மேல பட்டி வச்சா சுத்தியலைத் தூக்கிக்கிட்டுத் துரத்துவீங்களே!"

அப்பா ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

காந்தத்துக்கு உள்ளுக்குள் சந்தோஷம். யாரும் வெட்டப் போவதில்லை. அந்தக் கை அங்கேயே இருக்கும்.

அந்த நேரம் பார்த்துத் தேன்காரம்மா வந்தார். கேபினைப் பார்க்கப் படியில் கால் வைத்து ஏறினார். அந்த மூலையில்தான் படி முடுக்கியிருந்தது. 'கிறீச்' என்று அது ஒரு பக்கமாகச் சரிந்தது. அவர் சட்டென்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத, எனக்குப் பழக்கம்தான்" என்று காந்தத்தைப் பார்த்துச் சிரித்தார். "புதுத் தேனீக் கூட்டத்தை மட்டும் பின்னால ஏத்தமாட்டேன். பெட்டியோட கேபின்ல என் பக்கத்துல வச்சுக்குவேன். அதைத் தூக்கிக்கிட்டு ஏறும்போதுதான் உயிர் போய் உயிர் வரும். நான் விழுந்தாப் பரவாயில்ல. என் மேல பத்தாயிரம் தேனீ விழும்!"

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தப்பு என் மேலதான். அன்னைக்கு மலையில பூ உதிர ஆரம்பிச்சிருச்சு. உடனே வண்டி வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். உங்கம்மா அரை மனசாத்தான் இதைப் பூசினாங்க. 'இது சும்மா ஒட்டுதான். அடுத்த மாசம் வாங்க, வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வச்சுத் தர்றோம்'னாங்க. வரேன்னு சத்தியம்கூட வாங்கிக்கிட்டாங்க. நான்தான் வரல."

அப்பா ஏற்கனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

தேன்காரம்மா போன பிறகு, காந்தம் அந்த மூலையின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்ச் சின்னச் சுத்தியலையும் சாக்கட்டியையும் எடுத்து வந்தாள்.

பட்டியின் மேல் தட்டினாள். 'டொப்'. கொஞ்சம் தள்ளித் தட்டினாள். அங்கே காந்தத்தை வைத்தால் ஒட்டியது. ஆனாலும் 'டொப்'. உள்ளே துரு. இன்னும் தள்ளி. 'டொப்'. இன்னும் தள்ளி. 'டங்!'

அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். இப்படியே சுற்றிலும் தட்டித் தட்டி, எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து ஒரு கோடு போட்டாள்.

"அப்பா, வெட்டிடலாம்பா."

"கட்டிங் மெஷினை வச்சா பட்டி தூள் தூளாயிடும்டா" என்றார் அப்பா. சற்று நிறுத்தினார். "நீயும் பார்த்துட்டியா?"

"ம். நீங்க பார்த்ததையும் பார்த்தேன். கால் தெரிஞ்சுதே."

அப்பா கீழே பார்த்தார்.

"பட்டி மேல வெட்டினாத்தானேப்பா தூளாகும்? இங்க கேளுங்க." அவள் தட்டினாள். 'டங்!' "நல்ல தகடு இங்கதான் ஆரம்பிக்குது. நல்ல தகட்டுலதானே புதுசைப் பத்தவைக்க முடியும்? அப்ப இந்தக் கோட்டுலதானே வெட்டணும்? பட்டி நடுவுல பத்திரமா இருக்கும்."

அப்பா சுத்தியலை வாங்கினார். கோடு முழுவதும் தட்டிக்கொண்டே வந்தார். ஒரே ஒரு இடத்தில் கோட்டை விரல் அகலம் வெளியே தள்ளிப் போட்டார். மற்றதெல்லாம் சரியாக இருந்தது.

"இது எனக்குத் தோணவே இல்லையே" என்றார்.

"நீங்க வெளியில எங்கப்பா தட்டிப் பார்த்தீங்க? அடியிலயே படுத்திருந்தீங்க."

முதலில் படியைக் கழற்றினார்கள். அப்பா மெஷினைத் தொடவில்லை. ஒரு சின்னத் துளை போட்டு, இரும்பறுக்கும் பிளேடை நுழைத்து, கையாலேயே மெல்ல மெல்ல அறுத்தார். மாமா ஒரு பழைய சீட் மெத்தையைக் கீழே ஏந்திக்கொண்டு நின்றார்.

"அண்ணே, கை மரத்துப் போச்சு."

"ஆடாத."

"மூக்கு அரிக்குது."

"ஆடாதீங்க மாமா!" என்றாள் காந்தம். அவளே அவர் மூக்கைச் சொறிந்துவிட்டாள்.

தகடு மெத்தையில் இறங்கியது. ஓரத்தில் கொஞ்சம் துரு உதிர்ந்தது. பட்டி உடையவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, அப்பா பற்றவைத்த புதுத் தகட்டில் முடுக்கியிருந்த படியில் தேன்காரம்மா ஏறினார். அசையவில்லை. குதித்துப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

"யானையே ஏறலாம்" என்றார் மாமா.

"அப்ப என்னை யானைங்கிறீங்க!"

"ஐயோ, நான் படியைச் சொன்னேங்க!"

தேன்காரம்மா சிரித்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். கிளம்பும் முன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "உங்கம்மா சொன்னபடி செஞ்சுட்டாங்க" என்று காந்தத்திடம் சொன்னார். லாரி தெருமுனை திரும்பி மறையும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்தபோது, மேசையில் அந்தத் தகடு திருப்பி வைத்திருந்தது. அப்பா அதன் முன் நின்றிருந்தார். மெதுவாகத் தன் விரல்களை அந்தக் கோடுகளில் வைத்தார். உள்ளே இறங்கவில்லை. அவர் விரல்கள் தடிமன்.

"எனக்குச் சின்னதா இருக்கு" என்றார்.

காந்தம் வைத்துப் பார்த்தாள். பட்டி சில்லென்றிருந்தது. கோடுகளில் நிறைய இடம் மிச்சமிருந்தது. சுண்டுவிரல் அந்த வளைவு வரை போகவில்லை.

"எனக்குப் பெருசா இருக்குப்பா."

அவள் விரல்களை இன்னும் அகல விரித்துப் பார்த்தாள்.

"பரவாயில்லப்பா" என்றாள் காந்தம். "நான் வளருவேன்ல?"

அப்பா அரத்தை எடுத்தார். தகட்டின் கூரான ஓரங்கள் அவள் கையைக் கிழித்துவிடாதபடி, சுற்றிலும் தேய்க்க ஆரம்பித்தார்.