ஆறாம் வகுப்புக்குத் திறக்காத கதவுகள்

தாமினியைத் தெரியாது என்று அவள் வீட்டுக் கதவே சொல்லிவிட்டது. மரியாதையாகத்தான் சொன்னது.

"மன்னிக்கவும், நீங்கள் இந்த வீட்டைச் சேர்ந்தவர் அல்ல."

அவளும் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்துவிட்டு, புத்தகப்பையைத் தலைக்கு வைத்து வாசற்படியிலேயே படுத்துவிட்டாள். பள்ளி முடிந்து அந்த வழியாக வந்த இசை ஆசிரியை பூங்கோதை தெருவை ஏறிட்டுப் பார்த்தாள். தெரு நெடுக வாசலுக்கு வாசல் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் அவளிடம் பாட்டுப் படிக்கும் ஆறாம் வகுப்பு.

கரட்டுப்பாளையத்தில் சாவி என்ற பொருளைக் கண்ணால் பார்த்தே வெகுகாலம் ஆகிவிட்டது. யார் குரலையும் அச்சு அசலாகப் பேசிக் காட்டும் போலிக்குரல் பொறிகள் பெருகியபோது, குரலை நம்பிய பூட்டுகளெல்லாம் பல்லிளித்தன. அப்போது வந்ததுதான் சறுக்குப்பூட்டு. பக்கத்தில் போனால் புதிதாக ஒரு சின்ன மெட்டை இசைக்கும். நாம் அதைத் திருப்பிப் பாட வேண்டும். பூட்டு நம் குரலைச் சட்டையே செய்யாது. எங்கே சுருதி தவறுகிறோம், எவ்வளவு தவறுகிறோம் என்று மட்டும் பார்க்கும். எந்த மெட்டைக் கொடுத்தாலும் ஒருவர் சறுக்கும் விதம் அவருக்கே உரியது. அவர் காதுக்கே அது கேட்காது, ஆகவே இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் வழியில்லை. பொறிகளுக்கோ அது பிடிபடவே இல்லை. வீட்டுக் கதவு, வங்கிக் கணக்கு, அதிகாரிகளின் கையொப்பம் என்று எல்லாமே அதை நம்பித்தான் ஓடின.

இந்த நிம்மதியில்தான் பூங்கோதை கல்லெறிந்துவிட்டாள். ஜூன் மாதம் பள்ளிக்கு முதன்முதலாக இசை வகுப்பு வந்தது. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, பக்கத்தில் இருப்பவர் பாடுவதைக் கேட்டுக்கொண்டே பாடச் சொன்னாள். அவளுடைய பாடத்திட்டம் அவ்வளவுதான். தீபாவளி தாண்டுவதற்குள் பிள்ளைகளின் காது திருந்திவிட்டது. இப்போதும் சறுக்கினார்கள், ஆனால் பழைய இடத்தில் இல்லை.

மறுநாள் காலை பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். முன்வரிசையில் தாமினியின் அம்மா கௌசிகா நின்றாள்.

"ஏனுங் டீச்சர், பெத்த புள்ளையவே வூட்டுக்குள்ள உட மாட்டேங்குது கதவு! பதிவை மாத்தலாம்னா, இதுங்க மாசத்துக்கு மாசம் மாறிட்டே இருக்குமாமா. நாங்க பொழப்பைப் பாக்கறதா, பதிவு ஆபீசுலயே குடியிருக்கறதா?"

மனுவை வாங்கிக்கொள்ள மாவட்டக் கல்வி அலுவலர் திருமலைச்சாமி நேரிலேயே வந்திருந்தார். இசை வகுப்பை நீக்க அவர் ஓர் ஆணை போட்டால் போதும். பூங்கோதைக்கு வேலையும் போகும். போவதுதான் போகிறோம், கேட்டுவிட்டே போவோம் என்று அவள் துணிந்துவிட்டாள்.

"பன்னெண்டு வருசம் கணக்கும் அறிவியலும் படிச்ச புள்ளைங்கள எந்தக் கதவாச்சும் தெரியலைன்னு சொல்லியிருக்குதுங்களா சார்? இவங்க அஞ்சு மாசத்துல வேற ஆளாயிட்டாங்கன்னு கதவே சாட்சி சொல்லுது. படிச்சா மாறோணுமில்லீங்களா?"

கணக்கு ஆசிரியர் எங்கோ பார்த்தபடி இருமினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். திருமலைச்சாமிக்கும் சிரிப்பு வந்தது, அதிகாரி என்பதால் அடக்கிக்கொண்டார்.

"ஒரு வாரம் வகுப்புல உக்காந்து பாத்துட்டு முடிவு பண்றேனுங்க" என்றார்.

திங்கட்கிழமை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சும்மா உட்கார விட்டால்தானே? வட்டத்தில் இருப்பவர் பாட வேண்டும் என்று பக்கத்திலிருந்த தாமினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பாடினார். சறுக்கியபோதெல்லாம் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். புதன்கிழமை அவர் கால் தாளம் போட்டது, தாமினிக்குச் சட்டையை இழுக்கும் வேலையும் குறைந்தது. வியாழக்கிழமை மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. பூங்கோதை பிழைத்தோம் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவர் தயங்கித் தயங்கி, ஆணைகளைக் கையொப்பம் வாங்கி வெளியிடும் ஆணைப்பலகையை எடுத்தார்.

"எனக்குப் புடிச்சுத்தான் இருக்குதுங்க டீச்சர். ஆனா ஊரே மனு குடுத்திருக்குது. என் கையில ஒண்ணுமில்லீங்க."

பூங்கோதைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று குனிந்து சுருதிப்பெட்டியை மூடுவதுபோல் பாவனை செய்தாள்.

கையொப்பத்துக்காக ஆணைப்பலகை ஒரு மெட்டை இசைத்தது. அவர் திருப்பிப் பாடினார்.

"மன்னிக்கவும், நீங்கள் திருமலைச்சாமி அல்ல."

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் பாடினார். அதே பதில். கோபம் வந்து வேண்டுமென்றே கர்ண கடூரமாகக் கத்திப் பார்த்தார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பலகை மட்டும் சிரிக்காமல், "முயற்சிக்கு நன்றி" என்றது. முன்பு எப்படிச் சறுக்கினோம் என்று அவருக்கே தெரிந்தால்தானே!

"நீங்க அப்படிப் பாட மாட்டீங்க சார்" என்றாள் தாமினி. "நல்லாத்தான் போவீங்க. மேல ஏறுறப்ப மட்டும் பயந்து கொஞ்சம் எறங்கிடுவீங்க. அப்புறம் அது தெரியக் கூடாதுன்னு சத்தத்தைக் கூட்டுவீங்க."

"எங்க, பாடிக் காட்டு?" என்று பலகையை நீட்டினார்.

பலகை புது மெட்டை இசைத்தது. தாமினி கண்ணை மூடிக்கொண்டு, திங்கட்கிழமைத் திருமலைச்சாமியாகப் பாடினாள்.

"வணக்கம், திருமலைச்சாமி அவர்களே" என்றது பலகை. "இசை வகுப்பை நீக்கும் ஆணையை வெளியிடட்டுமா?"

உலகத்துப் பொறிகள் எல்லாம் முட்டி மோதியும் திறக்காத பூட்டை, ஒரு வாரம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்த பெண் திறந்துவிட்டாள் என்பது பூங்கோதைக்கு மெல்லத்தான் உறைத்தது. கூடவே, தன் மாணவியே தன் வகுப்பை மூடிவிடப் போகிறாளோ என்ற பயமும் வந்தது.

"வேண்டாமுங்க" என்றாள் தாமினி.

"நல்லது. ஆணை ரத்து செய்யப்பட்டது."

வகுப்பு கூரை பறக்கக் கத்தியது. பூங்கோதை இப்போது வெளிப்படையாகவே அழுதாள். திருமலைச்சாமி தொந்தி குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் ஏதோ நினைப்பு வந்து சட்டென்று நிறுத்தினார். அவர் முகம் வாடிப்போனது.

"கண்ணு" என்று தாமினியிடம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார். "வூட்ல எல்லாரும் இன்னைக்குக் காலையிலதான் ஊருக்குப் போனாங்க, கதவைத் தொறக்க ஆளில்ல. கொஞ்சம் என் வூடு வரைக்கும் வந்து, நானா ஒருக்கா பாடிட்டுப் போறியா?"