சூடு ஆறாத கொழுந்து

கொழுந்தெடுக்கப் போன சுலக்ஷனாவைப் பின்னேரம் நாலு பத்துக்குக் கண்டெடுத்தார்கள். ரோட்டுக்குக் கீழே, தேயிலைச் செடிக்குள், குப்புறச் செத்துக் கிடந்தாள். கொழுந்துச் சாக்கு முதுகிலேயே இருந்தது.

நாலரைக்குச் சார்ஜன்ட் லியனார்ட் வந்தார். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கொழுந்தெடுத்த தாய் வளர்த்த பிள்ளை. சாக்குக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டார். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. அடிக்கொழுந்து சிவந்திருந்தது. கூட வந்த டாக்டரையும் கைவைத்துப் பார்க்கச் சொல்லி, நேரம் போட்டு எழுதிக்கொண்டார்.

மோதினது யார் என்பதில் மறைவில்லை. மண்சரிவுக்கு உதவி செய்ய வந்த வெளிநாட்டுப் பட்டாளத்தின் தண்ணி லொறி. ஓட்டினவனுக்கு இருபத்திரண்டு வயது. முகாமுக்குள் இருந்தான். எத்தனை மணிக்கு மோதினான் என்பதுதான் கேள்வி. ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில், கடமை நேரத்துத் தப்பு என்றால் விசாரணை அவன் நாட்டில். கடமை இல்லாத நேரம் என்றால் நம்ம கோர்ட்டில். அவன் நாட்டு விமானம் மறுநாள் காலையில்.

ஐந்து நாற்பது. முகாம் வாசல்.

“மூன்று மணிக்கு நடந்தது,” என்றார் கேப்டன். “அவன் கடமை இரண்டிலிருந்து ஐந்து வரை.”

“காலையில?”

“ஓய்வு. அந்தப் பெண் பகல் வரை உயிரோடு இருந்தாள். உங்கள் தோட்டத்து நிறுவைத் துண்டே சொல்கிறது.”

உண்மைதான். பகல் நிறுவைத் துண்டில் பன்னிரண்டு ஐந்துக்குச் சுலக்ஷனா பேரில் ஏழு கிலோ.

வாசலில் அவள் புருஷன் முத்துலிங்கம், எட்டு மாசப் பிள்ளையோடு நின்றான்.

“ஐயா, அவன் பிளேன் ஏறிட்டா நான் யாருகிட்டப் போய்க் கேக்குறது? அவன் பேருகூட எனக்கு வாயில வராது.”

“பிள்ளை பகல் பால் குடிச்சிச்சா?”

“இல்லீங்க. அம்மா வரலன்னு, பிள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவுல கத்திக்கிட்டே கெடந்துச்சாம்.”

ஆறேகால். லயம். கணக்கப்பிள்ளை செல்லசாமி துண்டுகளை நீட்டினார்.

“நீங்க சுலக்ஷனாவைப் பார்த்தீங்களா?”

“நிறுவை நேரத்துல தராசைப் பாக்கவே நேரம் பத்தாது சேர். மூஞ்சிய எங்க பாக்குறது?”

“முத்துலிங்கத்தோட தங்கச்சி ஷாமிலா எப்பவும் எவ்வளவு எடுப்பா?”

“பகலுக்குப் பதினாலுக்குக் குறையாது. இந்த மலையில அதுதான் கெட்டிக்காரி. இன்னைக்குத்தான் ஏழு. உடம்புக்கு முடியலையோ என்னவோ.”

ஏழு மணிக்கு முகாம் கூடாரத்தில் எல்லாரையும் உட்கார வைத்தார் லியனார்ட்.

“பகல் நிறுவையில சாக்கைக் கொட்டிருவாங்க. அதுக்குப் பிறகு எடுத்த கொழுந்து நாலரைக்கு இப்படிச் சுடாது. காலையிலிருந்து அமுங்கிக் கிடந்தாத்தான் வேகும், சிவக்கும். சுலக்ஷனா நிறுவைக்கே வரல. அந்த ஏழு கிலோ யாரோடது, ஷாமிலா?”

ஷாமிலா தலையைத் தூக்கவில்லை.

“என்னோடது சேர். அண்ணி பிள்ளைக்குப் பால் குடுக்கப் போயிருக்குன்னு நெனச்சேன். இன்னைக்குச் சம்பளத்துக்குப் பேர் விழாம போயிரக் கூடாதுன்னு எங்கொழுந்துல பாதியை அண்ணி பேருல நிறுத்தேன். நாங்க எல்லாரும் செய்யிறதுதான். அது செத்துக் கெடந்ததுக்குப் பிறகு சொல்லப் பயமாயிருச்சு.”

லியனார்ட் கேப்டன் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார். “கொன்னது உங்க டிரைவர். நேரத்தை மாத்தினது நீங்க. காலையில லொறி எங்க போச்சு?”

 மூலையில் இருந்த டிரைவர் பையன் எழுந்து நின்றான். பத்தரைக்கு, கேட்காமல் கொள்ளாமல் லொறியை எடுத்துக்கொண்டு கொட்டகலை டவுனுக்கு சிம் வாங்கப் போனபோது மோதினதாகச் சொன்னான். சொல்லிவிட்டு அழுதான்.

பெல்ட்டும் தொப்பியும் கழற்றி அவனைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். இனி நம்ம கோர்ட்.

“இதையெல்லாம் நீ கோர்ட்டில சொல்லணும்மா,” என்றார் லியனார்ட் ஷாமிலாவிடம்.

“சொல்றேன் சேர். ஒண்ணு மட்டும் கேக்கணும். நான் நிறுக்காம இருந்தா, அண்ணியக் காணோம்னு பன்னிரண்டு மணிக்கே தேடியிருப்பாங்க. அப்ப அண்ணி...”

அடிபட்டு மூன்று மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சற்று முன்தான் எழுதி அனுப்பிய தாள் சார்ஜன்டின் சட்டைப் பையில் இருந்தது. அவர் கை தானாகப் பையை மூடிக்கொண்டது.

முத்துலிங்கம் அந்தக் கையைப் பார்த்தான்.  பிறகு பிள்ளையைத் தங்கச்சியிடம் நீட்டினான்.

“பிடி ஷாமிலா. எனக்குக் கை மரத்துப்போச்சு.”