நீலம் ஒட்டிய மேடு

சுப்பராயலு லாரியோடு பரங்கிப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொரு மணி இருக்கும். ஆடி மாசத்துக் கடல் காற்று உப்பும் மணலுமாக வீசிக்கொண்டிருந்தது. ஜொஹரா பீவியின் வீடு தெருவுக்கு இந்தப் பக்கம், செத்துப்போன அவள் புருஷனின் பட்டறை அந்தப் பக்கம். கதவு ஒருக்களித்துத் திறந்தது. முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கை பட்டறைச் சாவியை நீட்டியது.

இடது கை.

சுப்பராயலுவுக்குச் சுருக்கென்றது. முதல் முதலாகச் சொந்தமாக இரும்பு கடைகிற லேத் மெஷின் வாங்க வந்திருக்கிறான், அதுவும் வெள்ளிக்கிழமை. இடது கையாலா சாவி கொடுப்பார்கள்? நம்மையெல்லாம் ஒரு மனுசனாகவே மதிக்கவில்லை போலிருக்கிறது என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

"லேத்துல பாதி பெட்டுதான் எங்க வூட்டுக்காரவுங்க சுரண்டியிருக்காங்க தம்பி," என்றாள் அவள். "மீதிய அப்புடியே வுட்டுடுங்களேன்."

அவன் சிரித்துவிட்டான். பாதி மூஞ்சிக்குச் சவரம் பண்ணிக்கொண்டு எவனாவது தெருவில் நடப்பானா?

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் ஒரு பட்டறையில் பத்து வருஷமாக அவன் கடைசல் பிடிக்கிற டர்னர். அடுத்தவன் லேத்தில் அடுத்தவன் வேலை. பெண்டாட்டி அமிர்தத்துக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் மூணு மாசம். பிள்ளை பிறக்கும்போது அப்பன் சொந்தத் தொழிலில் இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரே வெறி. திருப்பாப்புலியூரில் வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகை போட்டு லேத்தை இறக்கினான். வெள்ளைக்காரன் காலத்துக் கால்மிதி லேத் அது. மிதியைக் கழற்றிப் போட்டுவிட்டு மோட்டாரும் பெல்ட்டும் மாட்டினான். பாக்கி இருந்தது பெட்டு ஒன்றுதான். மொத்த மெஷினும் உட்கார்ந்திருக்கிற நீளமான அடி இரும்பைத்தான் பெட்டு என்பார்கள். அதை மேடு பள்ளம் இல்லாமல் சமமாகச் சுரண்டினால்தான் மெஷின் நேராக ஓடும்.

சுரண்டுகிற வேலை என்றால் இப்படித்தான். நேரான இரும்புப் பட்டையில் நீலச் சாயத்தை மெல்லிசாகப் பூசி, பெட்டின் மேல் வைத்துத் தேய்க்க வேண்டும். எங்கே மேடு இருக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும். ஒட்டின இடத்தை உளியால் பொடிப்பொடியாகச் சுரண்டி எடுக்க வேண்டும். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். எடுக்கத்தான் முடியும். எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

முதல் நாள் பட்டையைத் தூக்கிப் பார்த்தான். நீலம் ஒரு உள்ளங்கையாக ஒட்டியிருந்தது, ஐந்து விரலோடு.

நம் கைதான் பட்டுவிட்டது என்று துணியால் துடைத்தான். மறுபடி தேய்த்தான். அதே இடத்தில் அதே கை.

சரி, இரும்பு வார்த்தவன் கைவரிசை, எந்த ரூபத்தில் இருந்தால் என்ன, மேடு மேடுதானே என்று ஓரத்திலிருந்து ஆரம்பித்தான். சாயங்காலத்துக்குள் சுண்டு விரல் போயிற்று. மறுநாள் மோதிர விரல்.

கொட்டகை வாசலில் உட்கார்ந்து அமிர்தம் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே, பார்க்காமலே கட்டுகிறவள். அன்றைக்கு முடிச்சு நழுவி நழுவி மல்லிகை மடியில் உதிர்ந்தது.

"என்னாடி, மசக்கை கை வரைக்கும் வந்துடுச்சா?" என்று கேலி பண்ணினான்.

அவள் சிரிக்கவில்லை. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் அடுப்படியிலிருந்து ஒரு வாடை வந்தது. தோசை தீய்கிற வாடை இல்லை. உரோமம் பொசுங்குகிற மாதிரி, அதற்கும் மேலே கொஞ்சம் தித்திப்பாக. அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். அமிர்தம் தோசை வேகிறதைப் பார்த்தபடி நின்றாள். அவள் வலது கையின் கடைசி இரண்டு விரலும் காய்ந்த கல்லின் மேல் இருந்தன.

"அமிர்தம், கை."

"என்னாங்க?" என்று குனிந்து பார்த்தாள். பிறகுதான் எடுத்தாள்.

இரண்டு நாளாகவே உணர்ச்சி இல்லையாம். சொல்லப் பயந்திருக்கிறாள். விரல் மரத்துப்போச்சு என்று வெளியே தெரிந்தால் இந்த ஊர் குஷ்டம் என்றுதான் பேர் வைக்கும், யார் வீட்டில் சேர்ப்பார்கள், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று ராத்திரியெல்லாம் முழித்துக் கிடந்திருக்கிறாள். அதைக் கேட்டு அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தெரிந்தவர் யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனான். டாக்டர் பஞ்சால் தடவினார், குண்டூசியால் குத்தினார், தேமல் இருக்கிறதா என்று முதுகெல்லாம் பார்த்தார். "நீ பயப்படுற வியாதி இல்லம்மா," என்றார். வேறு என்ன என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார்.

வீட்டுக்கு வந்தவன் மனசு கேட்காமல் கொட்டகைக்குள் போனான். வேலையில் புத்தியைச் செலுத்தலாம் என்று நீலம் தடவித் தேய்த்துப் பட்டையைத் தூக்கினான். மூன்று விரல் இருந்தது. கட்டை விரல், நடு விரல், நடுவில் சுட்டு விரல்.

சுட்டு விரல் நுனி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

சின்ன வயசில் ஆட்டுக்கல்லில் நசுங்கின விரல். பெண் பார்க்கப் போன அன்று காப்பித் தம்ளரை நீட்டினபோதே அவன் பார்த்த விரல்.

உளியைத் தூர எறிந்தான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பரங்கிப்பேட்டை போனான். ஜொஹரா பீவி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவன் ஆரம்பிக்கும் முன்பே "எத்தினி விரலு தம்பி?" என்று அவளே கேட்டாள்.

"ரெண்டு."

முக்காட்டை விலக்கி வலது கையைக் காட்டினாள். ஐந்து விரலும் இருந்தன. காய்ந்த மொச்சைக்காய் மாதிரி வெளுத்துச் சுருங்கித் தொங்கின.

"விரலு மரத்தத அவுங்களுக்குத் தெரியாம மறைச்சேன். அவுங்க சொரண்டிக்கிட்டே இருந்தாங்க. அவுங்களுக்குத் தெரிஞ்சப்போ கட்ட விரலு ஒண்ணுதான் மிச்சம். அன்னிக்குச் சாக்கப் போட்டு மூடினவங்க, மவுத்தாகுற வரைக்கும் தினம் எண்ணெ தடவினாங்க. ஏன்னு எனக்கு அப்ப வெளங்கல." முக்காட்டை இழுத்து அந்தக் கையை மூடினாள். "அவுங்க போனப்புறம் நாலு மாசம் பத்து நாளு, வெளிய வராம இத்தா இருந்தேன். தெருவத் தாண்ட முடியாது. பட்டறைல எண்ணெ போட ஆளில்ல. உப்புக்காத்துல துரு புடிச்சு, அந்த ஒரு விரலும் போயிடுச்சு."

"தெரிஞ்சுமா எனக்கு வித்தீங்க?"

"வூட்ட வுட்டுப் போனா கை திரும்பி வரும்னு நெனச்சேன்," என்றாள். "வரல தம்பி."

அவளைத் திட்டத்தான் போயிருந்தான். திட்டாமலே திரும்பிவிட்டான்.

பஸ் முழுக்க யோசித்தான். வேறொருவனுக்கு விற்றால் வாங்குகிறவன் முதல் வேலையாகச் சுரண்டுவான். உடைத்தால் என்ன ஆகுமோ. கடலில் போட்டால் உப்பு தின்னும். மூன்று விரலும் அந்த இரும்பில் இருக்க, அவன் எதைச் செய்தாலும் அமிர்தத்துக்குத்தான் வினை.

நீலச் சாய டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். மோட்டாரைக் கழற்றினான். சொந்தத் தொழில் ஆசையை விட்டுவிட்டுப் பழைய பட்டறைக்கே போனான். காலையும் மாலையும் லேத்துக்கு எண்ணெய் தடவிச் சாக்குப் போட்டு மூடினான். அமிர்தம் மூன்று விரலால் பூக் கட்டப் பழகிக்கொண்டாள்.

"ஓட்டாத மெஷினுக்கு இம்மாம் எண்ணெ. எனக்கு ஒரு நாளு தலைக்கு வச்சு வுட்டிருக்கீங்களா?" என்பாள்.

அவன் சிரிப்பான். காரணத்தை அவளிடம் சொல்லவே இல்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் விடாத மழை. பத்தாம் நாள் ராத்திரி ஓட்டில் விரிசல் விட்டு ஒழுகியதை அவன் கவனிக்கவில்லை. பதினோராம் நாள் காலை எண்ணெய்த் துணியோடு போய்ச் சாக்கைத் தூக்கினான்.

மூன்று விரல் கை நீலமாகத் தெரிந்தது.

நீலம் தொட்டு நாலு மாசம் ஆயிற்று. டப்பாவை வைத்துப் பூட்டின பெட்டிச் சாவி அவன் அரைஞாணில் இருந்தது.

அந்தக் கையை ஒட்டி இன்னொரு கை இருந்தது. எலுமிச்சம்பழ அகலம்கூட இல்லாத கை. ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

அதன் கட்டை விரல் நுனியில், கடுகளவு துரு.

எண்ணெய் வைத்துத் துடைத்தான். போகவில்லை. உப்புத்தாளால் தேய்த்தால் போகும். துருவோடு இரும்பும் போகும். விட்டால் துருவே தின்னும்.

"இங்க வாங்களேன்," என்று வீட்டுக்குள்ளிருந்து அமிர்தம் கூப்பிட்டாள். "புள்ள ஒதைக்குது. கை வச்சுப் பாருங்க."

அவன் இன்னும் குனிந்து பார்த்தான். கடுகளவு இருந்தது மிளகளவு ஆகியிருந்தது.