மீசை வைத்த ராணி

குதிகால் இரண்டும் நெருப்பாய் எரிந்தன மலர்க்கொடிக்கு. தஞ்சாவூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், புடவைப் பிரிவில் நிற்கிற வேலை. ஸ்டூல் போட்டிருப்பார்கள், அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசருக்கு உடனே இருமல் வந்துவிடும். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்து அன்றைக்குத்தான் லீவு. காலை நீட்டிப் படுத்துக் கிடக்க வேண்டியவள், அடைமழையில் பெரிய கோயில் பக்கத்துப் பொம்மைக் கடையில் குனிந்து நின்றாள்.

அது அவளுக்கு ஒரு பைத்தியம். வர்ணம் தப்பிப்போன பொம்மைகளைத் தேடிச் சேர்ப்பாள். ஒரு கண்ணுக்கு மட்டும் கருவிழி வைத்த யானை, உதட்டுச் சாயம் தாடையில் வழிந்த போலீஸ்காரர், சட்டைக் கலரிலேயே முகமும் அடித்த கிரிக்கெட் வீரர்... பிரிக்கிற ஒவ்வொரு புடவையிலும் இழை ஓட்டம் பார்த்து டேமேஜ் பிடித்துப் பழகிய கண். கடையை விட்டு வெளியே வந்தால் மட்டும் அது சும்மா இருக்குமா?

சாய்ந்தாடும் ராஜா ராணிப் பொம்மைகள் வரிசையாய் உட்கார்ந்திருந்தன. மூன்றாவது தட்டில் ஒரு ராணி. மூக்குத்தி உண்டு, பொட்டு உண்டு, நெற்றிச்சுட்டி உண்டு... உதட்டுக்கு மேலே நுனி முறுக்கிய மீசையும் உண்டு!

சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினாள். அதே நேரம் வேறொரு கை ராணியின் தலையைப் பிடித்தது. ஈரக் கை. நகக்கண்ணில் சிவப்பும் கறுப்பும் அப்பியிருந்தன.

"நான் மொதல்ல பாத்தேங்க" என்றாள்.

"நான் மொதல்ல தேடினேங்க. காலையிலேருந்து நாலு கடை ஏறி எறங்கியாச்சு."

நிமிர்ந்தாள். மழைத் தண்ணீர் புருவத்தில் நின்று சொட்டிக்கொண்டிருந்தது அவனுக்கு. துடைக்கவில்லை, துடைக்கக் கையை எடுத்தால் பொம்மை போய்விடுமே! கெஞ்சுகிற கண். கெஞ்சுவது தெரியக்கூடாது என்று முறைக்கவும் பார்க்கிற கண்... இரண்டும் சேர்ந்து எதுவும் சரியாக வரவில்லை.

"இது டேமேஜ்ங்க. விடுங்க. நல்லதா ஒண்ணு எடுத்துக்குங்க."

"டேமேஜ்ங்கறதாலதான் வேணும். நல்லது ஊரு பூரா கெடக்கு. ஆமா, ராணிக்கு மீசை வச்ச மகராசன் யாரோ?"

அவன் காது சிவந்தது.

"நான்தாங்க."

மலர்க்கொடி சிரித்த சிரிப்பில் தார்ப்பாயில் தேங்கியிருந்த தண்ணீரே கொட்டியிருக்கும். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவன் தாழ்ந்த குரலில் சொன்னான். அண்ணாதுரை பட்டறையில் ராஜா ஒரு வரிசை, ராணி ஒரு வரிசை காயும். ராஜா வரிசைக்கு மீசை போட்டுக்கொண்டே வந்தான். காய்ச்சல் வேறு. யாரோ வெயிலுக்காக நகர்த்தி வைத்ததில் ஒரு ராணி இந்தப் பக்கம் வந்துவிட்டாள். கை பாட்டுக்குப் போட்டுவிட்டது, கவனிப்பதற்குள் பொம்மை கடைக்குப் போய்விட்டது.

"குடுங்க, அழிச்சு சரிபண்ணித் தரேன்."

"அழிச்சா இது பத்தோட பதினொண்ணு. மீசையோட இருந்தாத்தான் ராணி." காசைக் கடைக்காரரிடம் நீட்டியேவிட்டாள். "பேரு என்னங்க உங்களுக்கு? பொம்மைக்குப் பக்கத்துல எழுதி வைக்கணும்."

"எழுதவெல்லாம் வேணாம்... கிளாட்சன்." அவள் பையைப் பார்த்தான். "வீட்டுக்குள்ளயே வச்சுக்குங்க, சரியா?"

கூச்சம் என்று நினைத்தாள். இன்னொரு தப்பு வந்தால் வேலை இல்லை என்று முதலாளி அண்ணாதுரை சொல்லியிருந்ததை அவன் சொல்லவில்லை. முன்பின் தெரியாத பெண்ணிடம் போய் எப்படிச் சொல்வான், என் பிழைப்பு உன் பையில் இருக்கிறது என்று?

மழை விடவில்லை. ஒரே தார்ப்பாயின் கீழ் நின்றார்கள். அவள் செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்தாள். "நின்னு நின்னு வலியா? எனக்குக் குனிஞ்சு குனிஞ்சு கழுத்து" என்றான். வேலை செய்கிறவன் பேசுகிற காதல் பேச்சு அவ்வளவுதான். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ராணியைப் படம் எடுத்துப் பிழைப் பொம்மை சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அங்கே எல்லோருக்கும் சந்தேகப் புத்தி. 'நீங்களே மீசை வரைஞ்சிட்டீங்களா?' என்று ஒருவர் கேட்டுவிட்டார். ரோஷம் வந்தது அவளுக்கு. ரோஷத்தோடு இன்னொன்றும் வந்தது... அந்தப் பெயரை எங்காவது எழுதிப் பார்க்க வேண்டும் போல ஒரு ஆசை.

'அண்ணாதுரை பட்டறையில் வர்ணம் அடிக்கிற கிளாட்சன் எனக்குத் தெரிந்தவர். அவரே எடுத்துத் தந்தார். இன்னும் வரும்' என்று எழுதினாள்.

எடுத்துத் தந்தார். எழுதும்போது எவ்வளவு இனிப்பாக இருந்தது! அவன் தன் கையால் தனக்கென்றே எடுத்துத் தந்ததுபோல. கடையில் காசு கொடுத்து வாங்கினேன் என்று எழுதினால் அதில் அவன் எங்கே இருக்கிறான்?

அதற்குப் பிறகு கிளாட்சன் அவள் கடைக்கு வந்தான். அம்மாவுக்குப் புடவை என்றான். அடுத்த வாரம் சித்திக்குப் புடவை என்று வந்தான். மூன்றாவது முறை அவன் படியேறும்போதே பக்கத்துக் கவுண்டர் பாத்திமா கூவினாள்: "மலரு, இன்னிக்கு எந்தச் சித்திக்குன்னு கேளுடி!"

"இன்னிக்கு யாருக்கும் இல்லக்கா. வெலை கேட்டுட்டுப் போலாம்னு..." என்று அசடு வழிந்தான்.

"வெலை கேக்க வந்தவரு பொடவையப் பாக்கலையே!"

மலர்க்கொடி மடித்த புடவையையே மறுபடி மடித்தாள். நம்பர் மாற்றிக்கொண்டார்கள். கார்த்திகை பூராவும் இருவர் போனும் சூடு ஆறவில்லை. பிறகு ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல், அவன் வராமல் பேசாமல் நின்றுபோனான். இவள் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்தாள். அவன் எடுக்கமாட்டானாம், நான் தேடிப் போகணுமாமா? எனக்கென்ன மானம் இல்லையா...

மானம் மார்கழி பூராவும் நின்றது. தை பிறந்தும் நின்றது. ஒரு லீவு நாளில் கால் தானாகப் பொம்மைக் கடைக்குப் போனது.

"அந்த வர்ணக்காரத் தம்பியா?" என்றார் கடைக்காரர். "அவன வேலைய விட்டு நிறுத்திப்புட்டாங்களேம்மா. பட்டறைப் பொம்மையத் திருடி வெளியில வித்தானாம். தப்பாப் போன பொம்மைக்குத்தான் வெலை சாஸ்தியாமே? அதுக்குன்னே தப்பு தப்பாப் போட்டானாம். வாங்குன பொண்ணே எழுதியிருக்காம் போன்ல, அவன்தான் எடுத்துத் தந்தான்னு. 'இன்னும் வரும்'னு வேற எழுதியிருக்கா புண்ணியவதி. அது சுத்திச் சுத்தி அண்ணாதுரை போனுக்கே வந்துருச்சு, எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டிட்டாரு."

"உங்க கடையிலதானே அண்ணே வாங்கினேன்..."

"நீதானா அது?" அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "எங்கிட்ட யாரும்மா கேட்டா?"

குழுவில் எழுதியதை அங்கேயே நின்று அழித்தாள், நாளாகிவிட்டதால் அவள் போனிலிருந்து மட்டும்தான் போனது. அழித்து என்ன? படித்தவர்கள் கண்ணிலிருந்து அழிக்க முடியுமா?

மறு லீவில் பட்டறைக்குப் போனாள். சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாசல்வரை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். உள்ளே வர்ணம் அடிக்கிறவர்கள் தலை நிமிர்ந்தார்கள். அண்ணாதுரை மரியாதையாகத்தான் கேட்டார்: "வாங்கம்மா. என்ன வேணும்?"

அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. நான்தான் அந்தப் பொண்ணு என்று சொன்னால் அந்த முகம் எப்படி மாறும்... இத்தனை பேர் என்ன பார்வை பார்ப்பார்கள்...

"ராஜா ராணி... ஒரு ஜோடி" என்றாள்.

வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஒரத்தநாட்டுப் பக்கம் அவன் ஊரில் நெல் கொள்முதல் நிலையத்தில் இருக்கிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அப்படியே பஸ் ஏறினாள். சம்பா அறுப்பு உச்சம். களம் பூராவும் நெல் குவியல். கிளாட்சன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். பொம்மைக்கு மீசை நுனியை முறுக்கிவிட்ட விரல்கள் சாக்கின் காதைக் கவ்விப் பிடித்திருந்தன. தோளில் தோல் உரிந்திருந்தது. வேர்வையில் நெல் சுணை அப்பி, பார்க்கிறவளுக்கே அரித்தது.

அவளைக் கண்டதும் மூட்டையை இறக்கினான். கண்ணில் ஒரு மின்னல் வந்தது. உடனே அதை அணைத்துக்கொண்டான்.

"பொடவைக் கடையில ஒரு நாள் லீவு குடுத்துட்டாங்களா?"

"ஏன் போன எடுக்கல?"

"எடுத்தா திட்டிருவேன். திட்ட மனசு வரல."

அவள் அழுதாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். பரவாயில்லை என்று அழுதாள். "நான் எழுதினது பொய்தான் கிளாட்சன். நீங்க எடுத்துத் தந்தீங்கன்னு எழுதினா... எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அவ்வளவுதான். உங்கள எனக்குப் புடிச்சிருந்துச்சு. அன்னிக்கு மழையிலயே புடிச்சிருந்துச்சு. அத உங்ககிட்ட சொல்லத் தெரியாம ஊருக்கு எழுதிட்டேன்."

அவன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"எனக்கும்தான் மலர். அடுத்தடுத்து ரெண்டு பொடவை எடுத்தேனே, எங்க அம்மாவும் சித்தியும் என்ன சீமாட்டிங்களா?"

அழுகைக்கு நடுவே சிரித்தாள். அப்போதுதான் அவன் அவள் கையிலிருந்த பையைப் பார்த்தான். பட்டறைப் பை.

"அங்க போனீங்களா?" குரலில் அப்படி ஒரு ஆவல். "சொல்லிட்டீங்களா?"

அவள் தலை குனிந்தாள்.

"வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "புடிச்சிருக்குன்னு எங்கிட்ட சொல்லணும், சொல்லிட்டீங்க. பொய்யின்னு சொல்ல வேண்டிய எடம் இது இல்லையே. மூட்டை தூக்குறது எனக்குப் புதுசு இல்ல, எங்க அப்பா தூக்குனதுதான். ஆனா திருடன்ங்கற பேரோட உங்க வீட்டு வாசல்ல வந்து பொண்ணு கேட்டு நிக்க மாட்டேன்."

"நான் போயி சொல்றேன். சத்தியமா."

"சத்தியம் வேணாம். போயி சொல்லுங்க."

லாரிக்காரன் சத்தம் போட்டான். கிளாட்சன் குனிந்து மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு போனான்.

இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள். சிரிக்கிறார்கள். பாத்திமா இருவரையும் சேர்த்து வைத்துக் கேலி செய்கிறாள். பட்டறைக்கு எப்போது போகிறாய் என்று அவன் ஒருநாளும் கேட்பதில்லை. போன லீவில் அவளுக்குத் தலைவலி. அதற்கு முந்தின லீவில் பட்டறைத் தெருமுனைவரை போய், இன்றைக்கு முதலாளி இருக்கமாட்டார் என்று தானே முடிவு செய்துகொண்டு திரும்பினாள். அவன் தோள் இதற்குள் காய்த்துவிட்டது.

கிளாட்சனுக்கு அவள் பட்ட கடன் அப்படியே நிற்கிறது. அண்ணாதுரையின் பட்டறையில், வர்ணம் அடிக்கிற அத்தனை பேர் காதிலும் விழ, அவள் வாயால் சொல்ல வேண்டியது: 'கிளாட்சன் எடுத்துத் தரவில்லை. நான் கடையில் வாங்கினேன்.'