மூணும் உள்ளே

மூன்றாவது அறையிலிருந்து எலும்பு நொறுங்கும் சத்தம் வரவில்லை.

முதல் அறையில் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் நாக்கு எலும்பின் மேல் அரம் போல ராவுவது காரிடார் வரை கேட்டது. இரண்டாவதில் தங்கச்சி, யாரோ பிடுங்க வருவதுபோல உறுமிக்கொண்டே தின்றாள். இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்த புலிகள். மூன்றாவது அறை ஊமையுடையது. பெரிய ஆண் புலி. குட்டியாக வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட வாய் திறந்து உறுமியதில்லை என்பதால் அந்தப் பெயர். அது போடும் ஒரே சத்தம் சாப்பிடும்போது வருவதுதான். காய்ந்த விறகை முறிப்பதுபோல, ஒரே கடியில், மடக்கென்று.

பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் கீப்பர். நினைத்த கையோடு அது பொய் என்றும் தெரிந்தது. நேற்று புலிகளுக்குப் பட்டினி நாள்.

பிற்பகல் மூன்று மணிதான். ஆனால் மழை மேகம் கவிந்து, கரண்டும் போய், காரிடார் ஈரச்சாக்குக்குள் தலையை விட்டதுபோல இருண்டிருந்தது. பினாயில், பச்சை ரத்தம், நனைந்த ரோமம் எல்லாம் கலந்த நெடி தொண்டையில் ஒட்டியது. மிருகக்காட்சிசாலைக்கு வாராந்திர விடுமுறை. பார்வையாளர் ஒருவரும் இல்லை. வெளியே, புலிகள் உலவும் திடலில், அவன் மச்சினன் புல் வெட்டும் மெஷின் மட்டும் விர்ரென்று இரைந்துகொண்டிருந்தது.

இருபது வருஷமாகக் கீப்பருக்கு இங்கே பட்டப்பெயர் 'தாழ்ப்பாள்'. எந்தப் பூட்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டான். "வீட்ல எங்க அக்காவையும் மூணு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் தூங்குவீங்களா மாமா?" என்று மச்சினன் கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் மொத்த ஆட்களையும் சிரிக்க வைத்திருக்கிறான். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே கீப்பர்தான். மனைவி அன்றைக்குச் சொன்னது ஒரே வரி: "எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். உங்க கையில விட்டிருக்கேன்."

இந்த வேலையில் பேச்சுக்கே ஒரு முறை உண்டு. புலிகளைத் திடலிலிருந்து உள்ளே வரவழைத்து, தகட்டுக் கதவுகளை இறக்கி, கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். எண்ணியவன் வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். திடலில் இறங்குகிறவன் அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவன் காரிடாரை வெளியிலிருந்து பூட்டி, கதவுச் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு போவான். தகடுகளைத் தூக்கும் சங்கிலிகளின் சாவி உள்ளே இருப்பவனிடம். வேறு யாரும் வந்து சங்கிலியில் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அவன் திரும்பும்வரை உள்ளே இருப்பவன் உள்ளேதான்.

அரைமணி நேரம் முன்னால் அப்படித்தான் நடந்தது.

"மாப்ள, மூணும் உள்ளே."

"மூணும் உள்ளே, சரி மாமா. ஆரஞ்சு மழைக்கோட்டு போட்டிருக்கேன், என்னையும் சேத்து நாலுன்னு எண்ணிடாதீங்க."

கீப்பர் மூன்றாவது அறையின் பார்வைத் துளையில் கண்ணை வைத்தான்.

கோடுகள். இருட்டில் ஒரு முதுகு. இதோ இருக்கிறதே, கழுதை! மூச்சு சீராக வந்தது. முன்னால் கறி அப்படியே கிடந்தது. முதுகு திரும்பியது, தலை மேலே எழும்பியது, இடது காது தெரிந்தது.

காதின் நுனியில் ஒரு வெட்டு.

சின்ன வயதில் அக்கா கடித்த வெட்டு. தங்கச்சியின் காது.

அவன் இரண்டாவது துளைக்கு ஓடினான். அந்த அறையில் பாதி தின்ற கறி இருந்தது. புலி இல்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலிருந்த தகடு, காலையில் கழுவத் தூக்கியது, தூக்கினபடியே நின்றது.

பூட்டு பூட்டித்தான் இருந்தது. அதுதான் கொடுமை. சங்கிலியைக் கொக்கியில் மாட்டிப் பூட்டினால் தகடு இறங்கியிருந்தாலும் பூட்டுதான், ஏறியிருந்தாலும் பூட்டுதான். அவன் மூன்று தடவை இழுத்துப் பார்த்திருந்தான். பூட்டை. தகட்டைப் பார்க்கவில்லை. அரைமணி முன்னால் இரண்டாவது துளையில் தங்கச்சியை எண்ணிவிட்டு மூன்றாவதற்கு நடப்பதற்குள் அவளும் உள்ளே நடந்து வந்திருக்கிறாள். அவளையே மறுபடி எண்ணியிருக்கிறான்.

ஊமை உள்ளே வரவே இல்லை.

"மாப்ள! மாப்ள, வெளிய வா! கேக்குதா?"

இரைச்சல்தான் வந்தது. மெஷின் ஓடும்போது மச்சினன் காதில் அடைப்பான் மாட்டியிருப்பான். அதை மாட்டச் சொல்லி வற்புறுத்தியதும் கீப்பர்தான். காரிடார் கதவை இழுத்தான், அசையவில்லை. தோளால் இடித்தான். பூட்டு வெளியே. சாவி, ஆரஞ்சுக் கோட்டுக்குள்.

வாக்கி-டாக்கியில் பெண் குரல் வந்தது. மிருக வைத்தியர். ஆபீஸ், வளாகத்தின் மறு கோடியில். "என்னாச்சு? ஏன் கத்துறீங்க?"

"ஊமை திடல்ல இருக்குது டாக்டர். என் மச்சினனும் அங்கதான் இருக்கான்."

"மயக்க ஊசித் துப்பாக்கியோட வரேன். பத்து நிமிஷம். நீங்க எதையும் திறக்காதீங்க. புரியுதா? எதையும்."

பத்து நிமிஷம்!

வாளியைக் கவிழ்த்து மேலே ஏறி, கோடியிலிருந்த கையகல வலைச் சன்னலில் முகத்தை அழுத்தினான். மழை. இடுப்பளவு புல், காற்று இல்லாமலே மழையில் சிலிர்த்துக்கொண்டு. தூரத்தில் ஆரஞ்சுக் கோட்டு, முதுகைக் காட்டி, இடமும் வலமுமாக நிதானமாக அசைந்தது. அவனுக்குப் பின்னால் புல் ஓர் இடத்தில் மட்டும் இரண்டாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டே பிரிந்தது.

கத்தினான். குரல் கிழியும்வரை கத்தினான். ஆரஞ்சு திரும்பவில்லை.

ஒரே வழி. தகடு ஏறும் சத்தம் கேட்டால் சாப்பாடு என்று ஊமைக்குத் தெரியும். எங்கிருந்தாலும் வரும். இத்தனை வருஷப் பழக்கம். மூன்றாம் அறையிலிருந்து திடலுக்குப் போகும் தகட்டுக் கதவைத் தூக்கினால், வரும். ஆனால் தங்கச்சி உள்ளே நிற்கும்போது தூக்கினால் அவளும் வெளியே போய்விடுவாள்.

வாளியால் இரண்டாவது அறைக் கதவைத் தட்டினான். மிச்சமிருந்த ஈரல் துண்டைக் கதவடி இடுக்கில் தள்ளினான். "வாடி, என் தாயே. வா." அவள் யோசித்தாள். வாழ்நாளில் அவ்வளவு நேரம் அவன் எதற்கும் காத்திருந்ததில்லை. பிறகு சோம்பலாக, ராணி மாதிரி, நடந்து வந்தாள். பூட்டைத் திறந்து நடுத்தகட்டை இறக்கினான். தொட்டுப் பார்த்தான். இந்த முறை தகட்டை.

டாக்டர் சொன்னது காதில் ஒலித்தது. மனைவி சொன்னது அதைவிட உரக்க ஒலித்தது.

திடல் கதவின் பூட்டைத் திறந்து சங்கிலியை இழுத்தான். கிறீச்சிட்டுக்கொண்டு தகடு ஏறியது. மூன்றாம் அறைக்குள் சாம்பல் வெளிச்சம் ஒரு கீற்றாக விழுந்தது.

காத்திருந்தான்.

வெளியே மெஷினின் சத்தம் மாறியது. விர்ரென்று ஏறி இறங்கியது நின்று, ஒரே இடத்தில், டுக்டுக்கென்று. தரையில் வைத்துவிட்டதுபோல.

சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறான். மெஷினைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான்.

துளையில் கண். கையில் சங்கிலி.

வெளிச்சக் கீற்று மறைந்தது.

முதலில் வால் வந்தது. பிறகு பின்னங்கால்கள். ஊமை எப்போதும் தலையை நீட்டி, மோந்து, அப்புறம்தான் நுழையும். இன்று பின்பக்கமாக நுழைந்தது. மெதுவாக. நனைந்த கோடுகள், நனைந்த ஆரஞ்சு, மறுபடி ஆரஞ்சு. இருட்டில் அது நீண்டுகொண்டே போனது.

கடைசி நுனியும் உள்ளே வந்ததும் சங்கிலியை விட்டான். தகடு தடாலென்று விழுந்தது. கொக்கி. பூட்டு. இழுத்துப் பார்த்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பூட்டிட்டேன். உன் தம்பி பிழைச்சான்டி. வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினான்.

"மாப்ள. மூணும் உள்ளே."

அவன் குரல் இன்னொரு வாக்கி-டாக்கி வழியாக அவனுக்கே திரும்பக் கேட்டது. திடலிலிருந்து அல்ல.

பார்வைத் துளைக்கு அந்தப் பக்கமிருந்து.

சாவிக்கொத்து சிணுங்கியது. தரையோடு. மூன்றாம் அறைக்குள்.

அவ்வளவு நீளம் ஊமைக்குக் கிடையாது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கையிலிருந்த வாக்கி-டாக்கி கீச்சிட்டது. யாரோ அழுத்துகிறார்கள். மூச்சு. ஈரமான, குமிழியிடும் மூச்சு. பிறகு இருபுறமிருந்தும், வாக்கி-டாக்கியிலிருந்தும் இருட்டிலிருந்தும், ஒரே குரல் முறை தவறாமல் திருப்பிச் சொன்னது.

"மூணும்... உள்ளே... சரி மாமா."

வாக்கி-டாக்கி மறுபடி கீச்சிட்டது.

"நானும்."

வெளியே, மழையில், ஆளில்லாத மெஷின் டுக்டுக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது அறையில், காய்ந்த விறகை முறிப்பதுபோல, ஒரே கடியில், மடக்கென்று ஒரு சத்தம்.