ஆயிரம் எண்காரர்

நாப்பிக்கு ஆயிரத்து ஒன்று என்று எண் விழுந்திருந்தது. விழக் கூடாது.

டனெலி கண்ணாடியைக் கழற்றி சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றிய எந்த லேப்டாப்பிலும், முதலில் பெயர் கொடுக்கும் ஆளுக்கு ஆயிரம் என்று எண் விழும். அடுத்த ஆளுக்கு ஆயிரத்து ஒன்று. பெயரெல்லாம் மனிதர்களின் வசதிக்கு. இயந்திரத்துக்கு ஆளைத் தெரிவது எண்ணை வைத்துத்தான். இருபத்து மூன்று வருடமாக எத்தனையோ லேப்டாப்பில் ஏற்றியிருக்கிறான், ஒரு தடவைகூட இது மாறியதில்லை. நாப்பி அவனுடைய பூனை. ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஒத்திகை பார்க்கும்போது சொந்தப் பெயரை வீணாக்காமல் வீட்டுப் பிராணியின் பெயரைக் கொடுப்பது அவர்கள் லினக்ஸ் சங்கத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஹார்ட் டிஸ்க்கை அவனே முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தான். துடைத்த டிஸ்க்கில் நாப்பிதான் முதல் ஆள்.

அப்படியானால் அந்த ஆயிரம் யார்?

பட்டியலைத் திறந்து தேடினான். ஆயிரம் என்ற எண்ணில் யாரும் இல்லை. காலியாக இருக்கும் எண்ணை விட்டுவிட்டு எதற்கு அடுத்ததுக்குத் தாவியது என்று எரிச்சலோடு காபியை ஒரு வாய் குடித்தான். ஆறிப்போயிருந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை, டிசம்பர் மாதத்தில் வடகோடி ஊரான கயானியில் அதற்குள் ஜன்னல் முழுக்க இருட்டு. ஆற்றுப் பக்கமிருந்து பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம் அவ்வப்போது நீளமாகக் கேட்டது. வாடகைக்கு எடுத்து ஒரு மாதமே ஆன மரவீடு. புதுப் பெயிண்ட் வாசனையும், ஹீட்டரில் கருகும் தூசியின் வாசனையும், கதவோரம் காயும் கம்பளிக் கையுறையின் வாசனையும் சேர்ந்து சமையலறைக்குள் நின்றன. மேசைக்கடியில் நாப்பி அவன் கால்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்தே இந்த லேப்டாப் அவன் உயிரை வாங்குகிறது. பழைய சாமான் சந்தையில் வாங்கியது. பேட்டரி செத்துப்போனது என்பதால் அதைக் கழற்றி வைத்துவிட்டு நேராகச் சுவர் மின்சாரத்தில் ஓட்டுகிறான். வைஃபை வேலை செய்ய ஒரு கோப்பு வேண்டும். அந்தக் கோப்பை இறக்க வைஃபை வேண்டும். கடைசியில் கூடத்திலிருந்து நீளமாக ஒரு கேபிளை இழுத்து, அதிலேயே இரண்டு முறை தடுக்கி விழப் போனான். ஹில்லா வருவதற்குள் முடித்தாக வேண்டும். பன்னிரண்டு வயது மகள் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் முறை. படம் வரைய லேப்டாப் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஸ்கேட்டிங் காலணி என்று சொன்னதும், கோடையில் லாப்லாந்து போகலாம் என்று சொன்னதும் நடக்கவில்லை. இதையும் சொதப்பினால் அவள் இனி வர மாட்டாள் என்று அவளுடைய அம்மா ரீக்கா கோபமே இல்லாமல் சொன்னாள். அந்தக் கோபமில்லாத குரல்தான் அவனுக்குப் பயம்.

போன் அடித்தது. ரீக்காதான்.

"பஸ் நாலே முக்காலுக்கு வந்துடும். ஸ்டாப்புல போய் நில்லு."

"அங்கேர்ந்து ரெண்டு நிமிஷ நடை. ஸ்கூலுக்குத் தனியாப் போறவதானே, நடந்து வந்துடுவா. நான் இதை முடிக்கணும்."

"இன்னும் முடிக்கலையா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"கடையில ஒண்ணு வாங்கியிருக்கலாம், டனெலி. பெட்டியைப் பிரிச்சா வேலை செய்யும்."

"அதுக்குள்ள என்ன ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்? இதுல நமக்குத் தெரியாம ஒரு வரி நிரல்கூட ஓடாது."

"அவளுக்கு வரி வேண்டாம். பென்சில் மாதிரி ஒண்ணு வேணும், அவ்வளவுதான்," என்று ரீக்கா வைத்துவிட்டாள்.

போனை வைத்த அமைதியில் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ கீபோர்டில் தட்டுவது போல, மெதுவாக, யோசித்து யோசித்து. ஹில்லாவுக்கென்று ஒழித்துவைத்த அறையிலிருந்து. ஹீட்டர் சூடேறும்போது தகரம் சொடுக்கும் என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்க் கதவைத் திறந்தான். புது விரிப்பு போட்ட கட்டில். மேசை. விளக்கு. அறை சில்லென்று இருந்தது. ஹீட்டரைத் தொட்டான், அது சூடேறியே இருக்கவில்லை.

திரும்பி வந்து, இப்போது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று லேப்டாப்பிடம் கேட்டான். அதற்கு ஒற்றை எழுத்து போதும். ஒவ்வொரு நொடியும் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்தான். ஒரு வரி வரவேண்டும், நிர்வாகி என்ற பெயரில் அவனுடைய வரி.

மூன்று வந்தன.

நிர்வாகி. நாப்பி. அதற்குக் கீழே பெயரில்லாமல் வெறும் எண்: ஆயிரம். வலைவழியே யாரோ நுழைந்துவிட்டார்களா என்று கேபிளைப் பிடுங்கினான். வரிகள் போகவில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லை, இதே கீபோர்டில் உட்கார்ந்திருப்பவர்கள் என்றது லேப்டாப். வரியின் கடைசியில், அந்த ஆள் கடைசியாக விசையைத் தொட்டு எத்தனை நேரமாகிறது என்ற கணக்கு ஓடும். டனெலியின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. நிர்வாகி: ஐந்து நொடி, ஆறு, ஏழு. நாப்பி: பூஜ்யம். ஆயிரம்: பூஜ்யம்.

பிறகு நாப்பியின் கணக்கும் நகர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

ஆயிரத்தின் கணக்கு மட்டும் பூஜ்யத்திலேயே நின்றது.

ஓஸ்மோவைக் கூப்பிட்டான். சங்கத்தில் அவனைவிடப் பத்து வருடம் மூத்தவன், எதைக் கேட்டாலும் கையேட்டைப் படி என்பவன்.

"பழைய ஆளோட கோப்பு ஏதாவது மிச்சம் இருக்கும். சொந்தக் கோப்பு இருக்கற பகுதியை அழிக்காம விட்டிருப்ப, பழக்க தோஷத்துல. நாம எல்லாரும் பண்றதுதான்."

"எல்லாத்தையும் அழிச்சேன்யா."

"அழிச்சேன்னு நெனச்சிருப்ப. டிஸ்க்கையே மாத்து. புதுசு ஒண்ணு வெச்சிருந்தியே. எண் ஜோசியக்காரன் மாதிரி எண்ணைப் பாத்துப் பயப்படாத," என்று சிரித்தான்.

சிரிப்பு டனெலிக்குத் தெம்பாக இருந்தது. உறை பிரிக்காத டிஸ்க்கை எடுத்து, லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் திறந்து மாற்றினான். ஒரு சிறு திருகாணி மேசைக்கடியில் உருண்டது. குனிந்து தேடியபோது பூனை அங்கே இல்லை. ஏற்றும் வேலை பாதியில் இரண்டு முறை நின்றது. முதல் முறை பென் டிரைவ் தெரியவில்லை என்றது. இரண்டாம் முறை காரணமே சொல்லவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மூன்றாம் முறை ஆரம்பித்தான். பெயர் கேட்டபோது மணி நாலரையைத் தொட்டிருந்தது. ஒத்திகைக்கெல்லாம் இனி நேரமில்லை. மகளின் பெயரையே அடித்தான். ஹில்லா.

எண்: ஆயிரத்து இரண்டு.

மேசையைக் கையால் அறைந்தான். உறை பிரித்து இரண்டு மணி நேரமாகாத டிஸ்க். அழுகை வருகிற அளவுக்குக் கோபம். எண் என்னவாக இருந்தால் என்ன, படம் வரைந்தால் போதும், அவள் எண்ணையா பார்க்கப் போகிறாள்? வரையும் மென்பொருளை ஏற்றினான். அது உடனே திறந்தது, வெள்ளைத் தாளும் தூரிகையுமாக. அப்பாடா என்றிருந்தது. பூனைக்குச் சாப்பாடு வைத்தது நினைவு வந்து கிண்ணத்தைப் பார்த்தான். தொடப்படவேயில்லை. தண்ணீரின் மேல் மெல்லிய பனிப்படலம் கட்டியிருந்தது.

"நாப்பி."

கதவுகள் எல்லாம் உள்ளே தாழிட்டிருந்தன. நாற்காலியில் பூனை படுக்கும் கம்பளியில் அது சுருண்டு கிடந்த குழி அப்படியே இருந்தது. கட்டிலுக்கடியில், அலமாரிக்குள், சௌனா நீராவிக் குளியலறையின் பலகைக்கடியில் எல்லாம் தேடினான். எங்கும் இல்லை.

மேசைக்கு வந்தான். அந்த ஒற்றை எழுத்தை அடித்தான். விரல்கள் விறைத்திருந்தன.

நிர்வாகி. ஆயிரம். நாப்பி.

இந்த டிஸ்க்கில் அவன் நாப்பியின் பெயரை அடிக்கவே இல்லை. நாப்பியின் கடைசியில் இருந்த கணக்கு: ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம். மூன்று மணிக்குப் பிறகு அது எதையும் தொடவில்லை. கால்மேல் இருந்த அந்தச் சூடு எப்போது போனது என்று யோசித்தான். நினைவில்லை.

பெயர் கொடுத்தது அவன். ஒத்திகைக்கு என்று கொடுத்தான்.

அடுத்த பெயரையும் கொடுத்திருக்கிறான்.

ஹில்லாவின் வரி இன்னும் வரவில்லை. அவள் உள்ளே வரவில்லை. அழித்துவிடலாம். நேரமிருக்கிறது. பெயரை நீக்கும் கட்டளையை அடித்தான். எழுத்து தவறியது. மறுபடி அடித்தான். மறுபடி தவறியது. மூன்றாம் முறை சரியாக அடித்து அழுத்தினான்.

பதில் உடனே வந்தது. ஹில்லாவை நீக்க முடியாது. அவர் இப்போது உள்ளே இருக்கிறார்.

போன் அடித்தது.

"வந்துட்டாளா?" ரீக்கா. "பஸ் முன்னாடியே வந்துடுச்சாம். இறங்கிட்டேன்னு மெசேஜ் போட்டா. பத்து நிமிஷம் ஆச்சு."

அவன் கூடத்தைப் பார்த்தான். கதவோரம், கையுறைக்குக் கீழே, சிறிய நீல பூட்ஸ் இரண்டு. ஜோடியாக, முனை சுவரைப் பார்த்தபடி, அவள் எப்போதும் கழற்றி வைப்பது போல. அவற்றின்மேல் பனி. வீட்டுக்குள் வந்தும் உருகாத பனி.

கதவின் தாழ் போட்டபடியே இருந்தது.

"டனெலி? வந்துட்டாளான்னு கேக்கறேன்."

அவளுடைய அறையில் தட்டும் சத்தம். இப்போது இரண்டு பேர். ஒருவர் மெதுவாக, யோசித்து யோசித்து. இன்னொருவர் வேகமாக, விளையாட்டாக, சின்ன விரல்களால். ஓடிப் போய்க் கதவைத் தள்ளினான். விரிப்பு கலையாத கட்டில். மேசை. விளக்கு. யாருமில்லை. சத்தம் அவனுக்குப் பின்னால், சமையலறைக்குப் போயிருந்தது.

திரும்பி ஓடி, சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினான். பேட்டரி அலமாரிமேல் கிடந்தது. மின்சாரம் வர வழியே இல்லை.

திரை அணையவில்லை.

அவன் யாரையும் கேட்காமலே பட்டியல் வந்து நின்றது. கீபோர்டில் விசைகள் தாமாக இறங்கி ஏறின. இடது பக்கம் கனமாக. வலது பக்கம் லேசாக, வேகமாக. நிர்வாகி: ஒரு நிமிடம். ஆயிரம்: பூஜ்யம். ஹில்லா: பூஜ்யம். அவன் இரண்டு கைகளையும் வலது பக்கத்து விசைகளின்மேல் வைத்தான். அவற்றின் கீழே விசைகள் அமுங்குவது தெரிந்தது. சில்லென்றிருந்தது.

"ஹில்லா, தூங்கிடாதம்மா. அப்பா இங்க இருக்கேன். கையை எடுக்காத, தட்டிக்கிட்டே இரு. நிறுத்தாத."

கீழே விழுந்த போனிலிருந்து ரீக்கா அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வலது பக்கத்து விசைகள் மெதுவாயின. ஒன்று இறங்கியது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் எதுவும் இறங்கவில்லை.

ஆயிரம்: பூஜ்யம்.

ஹில்லா: ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.